பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள்

கடலூர் முதுநகரில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடிக்காமல் பழையபடி மீட்டெடுக்க எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. இதே மாதிரி ஒரு வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவரைக் கூட்டி வாருங்கள். நாங்கள் அத்தையைக் கூட்டிவந்தோம். நேராகக் கூடத்துக்குப் போய், பெயிண்ட் அடித்து வழவழவென்றிருந்த சுவரில் கையை வைத்து, "இங்கதான்டா மாடம் இருந்துச்சு, சாயங்காலம் நான்தான் விளக்கேத்துவேன்" என்றார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் கெட்டியாகக் கேட்டது, அங்கே மட்டும் தொம்மென்று கேட்டது. சின்ன உளியால் ஓரமாகக் கொத்தி, உள்ளே அடைத்திருந்த உடைந்த செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தபோது வளைவு வைத்த மாடக்குழி முழுசாக வெளியே வந்தது. மேல் வளைவில் எண்ணெய்ப் புகை படிந்த கரி அப்படியே இருந்தது, தொட்டால் விரலில் ஒட்டியது. அதை மட்டும் நாங்கள் வெள்ளையடிக்கவில்லை.

தரையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். டைல்ஸை மொத்தமாகப் பெயர்க்கச் சொல்லாதீர்கள், மூலையில் ஒன்றை மட்டும் எடுத்துக் கீழே என்ன இருக்கிறதென்று பாருங்கள். எங்களுக்குச் சிவப்பு ஆக்சைடு தரை கிடைத்தது. டைல்ஸ் ஒட்டியவர் பிடிப்புக்காக அதை அங்கங்கே கொத்தி வைத்திருந்தார், பார்த்ததும் வயிறு எரிந்தது. கொத்தல்களை அதே சாயம் கலந்து அடைத்தோம், தழும்பு தெரியத்தான் செய்கிறது.

இப்போது சுவர், இதுதான் பெரிய வேலை. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சித் திரும்பக் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வழி இல்லை, தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஏறி உள்ளேயே நின்றுவிடும், அதோடு வரும் உப்பு செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். கடலோரத்தில் இது இன்னும் அதிகம். அதனால் சிமென்ட் பூச்சை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் பிரேக்கர் மெஷின் வேண்டவே வேண்டாம், பழைய செங்கல் அந்த அதிர்வைத் தாங்காது. உளியும் சுத்தியலும் போதும். எடுத்த பிறகு ஒன்றிரண்டு மாதம் சுவரை வெறுமனே விட்டு, வெளியே பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும்.

பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு நல்லது. நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் ஊறவிட்டு, சலித்த ஆற்று மணலோடு ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்ப்பது பழைய வழக்கம். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொன்றையும் ஈரச் சாக்கு போட்டு மெதுவாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டால் வெடிக்கும். கடைசியில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துவிட்டால் செய்த வேலையெல்லாம் வீண், சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும்.

கதவில் பல அடுக்கு எனாமல் இருக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் காய்ந்தபடி உப்புத்தாள் தேய்க்காதீர்கள், தீ வைத்தும் கருக்காதீர்கள். பெயிண்ட் ரிமூவர் தடவி, மாஸ்க் போட்டுக்கொண்டு சுரண்டுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். முற்றத்தை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மூடியிருந்தால் தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழு ஷீட்டாகக் கழற்ற வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

வேலையைத் தொடங்கும் முன் ஒருநாள் பாண்டிச்சேரி வைசியாள் வீதிக்குப் போய் வாருங்கள். திண்ணையும் தெருப்பக்கத் தாழ்வாரமும் வரிசையாக மீட்கப்பட்ட தெரு அது, 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. கொத்தனாரையும் கூட்டிப்போங்கள். நாம் வாயால் விளக்குவதைவிட அவர் கண்ணால் பார்த்தால் சட்டென்று புரிந்துகொள்வார்.

கூரை வேலையைத் தை பிறந்ததும் ஆரம்பித்துவிடுங்கள், ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது எங்கள் ஓட்டில் பாதி போய்விட்டது, அவசரத்துக்குத் தகர ஷீட் போட்டதோடு சரி. ஓட்டைப் பிரிக்கும்போதே சட்டங்கள் சுவருக்குள் போகும் முனைகளை ஆசாரியை விட்டுக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், கரையான் அங்கேதான் முதலில் ஏறும். உடையாத ஓடுகளைத் தனியாக அடுக்கி வையுங்கள். அதே அளவு ஓடு இப்போது கடையில் கிடைப்பது கஷ்டம், நாங்கள் பண்ருட்டிப் பக்கம் இடித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து 400 ஓடு வண்டி வைத்து ஏற்றி வந்தோம்.