ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்: கணினிப் பழுது பார்க்கக் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வேலையைக் கற்க வருகிறவர்கள் சீக்கிரமே பழகிக்கொள்வது, எதற்கெடுத்தாலும் ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதை. பல நேரம் அதில் கணினி சரியாகியும் விடும். ஆனால் எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. ராமில் (தற்காலிக நினைவகத்தில்) கோளாறு இருந்தால், விண்டோஸ் முடங்கும்போது வரும் பிழைத்திரையான ப்ளூ ஸ்கிரீன் திரும்ப வரும். அதற்குள் கணினிக்கு உரியவரின் ஃபைல்கள் போயிருக்கும்.

முதலில் கேட்க வேண்டியது, "கடைசியாக நன்றாக ஓடியது எப்போது, அதற்குப் பிறகு என்ன மாறியது?" என்பதுதான். அப்டேட் வந்ததா, புது டிரைவர் போட்டார்களா, பாதியில் மின்சாரம் போனதா? ஓர் உதாரணம். விண்டோஸ் ஏறும்போதே 'இனாக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்ற ப்ளூ ஸ்கிரீன் வருகிறது. பார்த்தவுடன் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில்) தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தேதிக்குப் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அது தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள், தயாரிப்பாளர் வைத்த ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடலாம். அப்படித் திரும்பும்போது டிஸ்க்கைப் படிக்கும் முறை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ மாறியிருந்தாலே விண்டோஸ் ஏறாமல் போகும். பேட்டரியை மாற்றி, அமைப்பை முன்பிருந்தபடி வைத்தால் தீரும் பிரச்சினைக்கு ஃபார்மட் எதற்கு?

விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறக்கக் கற்றதும் அடுத்த தவறு ஆரம்பிக்கும். அங்கே தெரியும் சிவப்புக் குறிகளை எல்லாம் நோய் என்று நினைப்பது. நன்றாக ஓடும் கணினியிலும் அவை இருக்கும். கெர்னல் பவர் 41 என்ற பதிவைப் பார்த்துவிட்டு உடனே பவர் சப்ளையை மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. முறையாக ஷட்டவுன் ஆகாமல் கணினி திரும்ப ஏறியது என்பதை மட்டுமே அது சொல்கிறது. காரணம் மின்வெட்டாக இருக்கலாம், சூடாக இருக்கலாம், பவர் பட்டனை யாராவது அழுத்திப் பிடித்ததாகவும் இருக்கலாம். பிரச்சினை நடந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்குச் சற்று முன்னால் பதிவானவற்றை மட்டும் படியுங்கள். கோளாறுகளைப் பட்டியலிடும் ரிலையபிலிட்டி மானிட்டரில் நாள்வாரியாகப் பார்த்தால் இன்னும் சுலபம்.

"ஷட்டவுன் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பார்த்தேன், சரியாகலை" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 8 முதல் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும்போது, ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே ஏற்றப்படுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

ஒரே நேரத்தில் டிரைவரை மாற்றி, ஆன்டிவைரஸை நீக்கி, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியையும் 'க்ளீன்' செய்பவருக்கு, சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியதைக் குறித்து வையுங்கள். அப்புறம், ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களைத் தொடவே வேண்டாம்.

டிஸ்க் விஷயத்தில் நிதானம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் இங்கே நடக்கும் தவறைத் திரும்ப எடுக்க முடியாது. ஹார்ட் டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வந்தாலோ, டிஸ்க் தன் நிலையைத் தானே சோதிக்கும் ஸ்மார்ட் பரிசோதனை எச்சரித்தாலோ, டிஸ்க் பிழைகளைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுதாகப் படிக்கவைத்தால் மிச்ச உயிரும் போய்விடலாம். சத்தம் போடும் டிஸ்க்கை அணைத்துவிட்டு, தரவு முக்கியமென்றால் மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. இன்னும் படிக்க முடிகிற டிஸ்க்கென்றால் முதல் வேலை தரவை வேறு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. ரிப்பேர் எல்லாம் அதற்குப் பிறகு.

சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரை மறப்பதும் இதே அளவு ஆபத்து. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் குறியாக்கம் தானாக இயங்கிவிடுகிறது; உரியவருக்கே அது தெரிவதில்லை. பயாஸில் ஏதாவது மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால், மைக்ரோசாஃப்டின் கணிப்புப்படி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அதைச் சரிசெய்ய, விண்டோஸ் குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் ஏறும் சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை நீக்கினாலே போதுமாக இருந்தது. ஆனாலும் பிட்லாக்கர் இருந்த பல கணினிகளில் சாவியைத் தேடி எடுப்பதே பெரிய வேலையாகிவிட்டது. எதையும் தொடுமுன் சாவி கையில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கட்டளை தோற்றால் அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பயனில்லை. அது நல்ல ஃபைல்களை எடுக்கும் களஞ்சியமே கெட்டிருக்கலாம். டிஸ்ம் கட்டளையால் அதைச் சரிசெய்துவிட்டு எஸ்எஃப்சியை மறுபடி ஓட்டுங்கள்.

வேலை முடிந்தது என்று அட்மின் கணக்கில் மட்டும் சோதித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். உரியவரின் கணக்கில், அவருடைய ஃபைலை, அவர் கையாலேயே திறந்து பிரின்ட் எடுக்கச் சொல்லுங்கள். அவருடைய ப்ரொஃபைலில் மட்டும் இருக்கும் கோளாறு அட்மின் கணக்கில் தெரியாது.