குருத்துவ விழா முடிந்ததும் நன்றி சொல்வது எப்படி?

கத்தோலிக்கக் குருவாகி 25 ஆண்டு நிறையும் குருப்பட்ட வெள்ளி விழாவோ, 50 ஆண்டு நிறையும் பொன்விழாவோ கொண்டாடும் அருட்தந்தையர் பலரும் நன்றியுரையில்தான் தடுமாறுகிறார்கள். விழாத் திருப்பலியில் (பூசையில்) திருவிருந்துக்குப் பின்வரும் மன்றாட்டு முடிந்து, இறுதி ஆசீர் தொடங்கும் முன் கிடைக்கும் இடைவெளி சிறியது. ஆயர் முதல் பந்தல்காரர் வரை பெயர்ப் பட்டியல் வாசித்தால், பின்வரிசையில் குழந்தைகள் அழத் தொடங்கிவிடும், பிரியாணியும் ஆறிவிடும். 2016 ஜூன் 28 அன்று குருத்துவத்தின் 65ஆம் ஆண்டைக் கொண்டாடிய முன்னாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், சில நிமிடங்களில் பேசி முடித்தார். நமக்கு மட்டும் ஏன் அரை மணி நேரம்?

மேடையில் மூன்று நான்கு பேரைச் சொன்னால் போதும். மற்றவர்களுக்கு அந்த வாரமே கையால் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார், ஆலய வேலைகளைக் கவனிக்கும் கோயில் பிள்ளை, சமையலறையில் நின்ற அம்மா, ஒலிபெருக்கிக்காரத் தம்பி ஆகியோரிலிருந்து தொடங்குங்கள். ஆயருக்கு இரண்டு நாள் தாமதமானாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அன்பளிப்பு உறைகளைப் பிரிக்கும்போதே பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால் கடிதம் எழுதுவது எளிது.

திருப்பலிப் புத்தகத்தில், குரு தமக்காகவே, குறிப்பாகக் குருத்துவ ஆண்டு நாளில், ஒப்புக்கொடுக்கும் திருப்பலிக்கெனத் தனி மன்றாட்டுகள் உள்ளன. விழாவின் பரபரப்பு அடங்கிய ஒரு சாதாரண வார நாளில் அவற்றைப் பயன்படுத்தலாம். மறைந்த பெற்றோருக்கும், அருட்பொழிவு செய்த ஆயருக்கும் தனித்தனியே திருப்பலிக் கருத்து வையுங்கள், அதாவது அவர்களுக்காக வேண்டித் திருப்பலி ஒப்புக்கொடுங்கள்.

குவிந்த பொன்னாடைகளா? பக்கத்து முதியோர் இல்லத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்; அவர்களுக்குப் போர்வைதான் தேவையாக இருக்கும்.