ரேபிஸ் கணக்கில் எங்கே தவறுகிறோம்?

2024இல் இந்தியாவில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள். ரேபிஸ் என்று சந்தேகிக்கப்பட்ட மரணங்கள் 54. ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. அதே ஆண்டில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வாளர்கள், வீடு வீடாக விசாரித்த தகவலை வைத்து ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். அதன்படி ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் சாகிறார்கள். நூறு மடங்கு வித்தியாசம். இதில் யாரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பதிவேட்டுக்குள் வந்து சேர்ந்தது அவ்வளவுதான்.

முதலில் செய்யும் தவறு, கடியை எண்ணிவிட்டு நோயை எண்ணிவிட்டதாக நினைப்பது. ஊசி போட 0, 3, 7, 28 என்று நான்கு நாள் வரச் சொல்கிறோம். நான்கு முறையும் புது ஓ.பி. சீட்டு போட்டு, நான்கையும் பதிவேட்டில் ஏற்றினால் ஒரு கடி நான்கு கடியாகிவிடும். பள்ளிக்கூடத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்த மாதம் சின்னக் கீறலுக்கும் ஊசிக்கு வருவார்கள், எண்ணிக்கை ஏறும். அது நல்ல செய்தி. ஆனால் மேலே போகும் அறிக்கையில் அது கெட்ட செய்தியாகப் படிக்கப்படும். நோய் கண்காணிப்புக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கடித்த நாய்க்கு ரேபிஸ் இருந்ததா?

அந்த நாய்தான் நம் பதிவேட்டில் இல்லை. ‘தெரு நாய்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. எந்தத் தெரு, வேறு யாரைக் கடித்தது, இப்போது உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விகளுக்குக் கட்டமே இருக்காது. கடிக்கும்போதே நாயின் எச்சிலில் வைரஸ் இருந்தால், பத்து நாளுக்குள் அந்த நாய் நோயில் விழுந்து செத்துவிடும். பத்து நாள் கழித்தும் நன்றாக இருந்தால் அந்தக் கடியில் ரேபிஸ் இல்லை. இதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர். பல ஊர்களில் அரசு ஆஸ்பத்திரியும் கால்நடை மருந்தகமும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன, ஆனால் கூப்பிடுவதில்லை. (பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று இதைப் புரிந்துகொண்டால் உயிர் போய்விடும். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதும் முதல் ஊசியும் அன்றைக்கே.)

கோவாவில் இந்தத் தொடர்பை உருவாக்கினார்கள். சந்தேகத்துக்குரிய நாயைப் பற்றிச் சொல்ல ஒரு போன் எண், உடனே கிளம்பும் குழு, செத்த நாயின் மூளைப் பரிசோதனை, சுற்றியுள்ள நாய்களுக்கு ஊசி. 2021இல் கோவா, ரேபிஸ் கட்டுக்குள் வந்த பகுதியாக அறிவிக்கப்பட்டது.

நம் பக்கம் கடித்த நாயை அடித்துக் கொல்வது வழக்கம், அதுவும் தலையிலேயே. அதோடு சாட்சியும் போய்விடுகிறது. பரிசோதனைக்கு வேண்டியது மூளைத்தண்டும் சிறுமூளையும். மண்டையைத் திறக்காமலே, தலைக்குப் பின்னால் தண்டுவடம் நுழையும் துவாரம் வழியாக ஒரு உறிஞ்சுகுழலை விட்டுத் திருகி எடுத்துவிடலாம். பயிற்சி பெற்று, முன்கூட்டியே தடுப்பூசியும் போட்டுக்கொண்டவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது. மாதிரி ஐஸில் போக வேண்டும். ஃபார்மலினில் போட்டு அனுப்பினால், வைரஸைக் கண்டுபிடிக்கும் வழக்கமான ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனைக்கு அது சரிவராது. சித்திரை வெயிலில் ஒருநாள் கிடந்து அழுகிய மூளையில் ‘வைரஸ் இல்லை’ என்று முடிவு வந்தால், அதை நம்பிக் கோப்பை மூடக் கூடாது.

நாயையாவது சந்தேகப்படுகிறோம். மாட்டைச் சந்தேகப்படுவதே இல்லை. “டாக்டர், தொண்டையில ஏதோ சிக்கியிருக்கு. காலையிலிருந்து எச்சில் ஒழுகுது, தண்ணி முழுங்க முடியல, கத்திக் கத்திக் குரலே கம்மிப்போச்சு” என்று கூப்பிடுவார்கள். ஒருவர் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் முழங்கை வரை கையை வாய்க்குள் விட்டுத் துழாவுவார். மாங்கொட்டையும் கிடைக்காது, ஒன்றும் கிடைக்காது. மறுநாள் மாடு முக்கிக்கொண்டே இருக்கும், பின்னங்கால் தள்ளாடும், இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். அப்புறம்தான் யாருக்காவது மாட்டைக் கடித்த நாய் ஞாபகம் வரும். உடனே அந்த மாட்டின் பாலைக் குடித்த தெரு முழுவதும் ஊசிக்கு வரிசையில் நிற்கும். காய்ச்சினால் அந்த வைரஸ் செத்துவிடும். காய்ச்சிய பாலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அந்த வரிசையில் கையை உள்ளே விட்டவர் நிற்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார். பட்டியலில் முதல் பெயராக இருக்க வேண்டியவர் அவர்தான். செத்த மாட்டைத் தோலுரிக்கக் கொடுக்காமல், அதன் மூளை மாதிரியையும் அனுப்ப வேண்டும். மாட்டுக்கு ரேபிஸ் என்றால் அந்த ஊரில் வெறிபிடித்த நாய் ஒன்று சுற்றியிருக்கிறது, அது வேறு யாரையும் கடித்திருக்கலாம் என்று பொருள்.

மனித மரணத்தில் விடுபடுவது வேறு மாதிரி. தண்ணீரைக் கண்டு பயந்தால்தான் ரேபிஸ் என்று நினைக்கிறோம். கைகால் மெல்லச் செயலிழக்கும் வகையும் உண்டு. அது கியான் பாரே நோய் (நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கைகால் செயலிழக்கும் வேறொரு நோய்) என்று எழுதப்பட்டுவிடுகிறது. கடித்தது இரண்டு மூன்று மாதம் முன்னால், சில சமயம் அதற்கும் முன்னால். அதுவும் வீட்டு நாய்க்குட்டியின் பல் லேசாகப் பட்டது. யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? மூளைக்காய்ச்சல் என்று சேர்க்கப்படும் ஒவ்வொருவர் வீட்டாரிடமும் கடியைப் பற்றிக் கேட்க வேண்டும், பூனையையும் சேர்த்து. உயிரோடு இருக்கும்போதே உமிழ்நீர், பிடரித் தோல் மாதிரி எடுக்கலாம். பெங்களூரிலுள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் சோதிப்பார்கள். உமிழ்நீரில் வைரஸ் விட்டுவிட்டுத்தான் வெளியேறும், ஆகவே ஒருமுறை இல்லை என்று வந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கைவிரித்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே நடக்கும் மரணம் எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் ஏறாது. கிராம சுகாதார செவிலியர் போய் விசாரித்து எழுதினால்தான் உண்டு.

இன்னொரு சின்ன விஷயம். நோயாளி பக்கத்து மாவட்டத்து மருத்துவக் கல்லூரியில் இறந்தால் மரணம் அந்த மாவட்டத்தின் பெயரில் ஏறுகிறது. நாய்களுக்கு ஊசி போடும் வண்டியும் அங்கே போகிறது. கடித்த ஊரில் எதுவும் நடக்காது. கடித்த ஊர் இருக்கும் மாவட்டத்தின் மாத அறிக்கையில் ரேபிஸ் ‘இல்லை’ என்றே இருக்கும். அப்படியொரு ‘இல்லை’யைப் பார்த்தால் நான் அடுத்துக் கேட்பது, அந்த மாதம் எத்தனை மூளை மாதிரி அனுப்பினீர்கள் என்றுதான். அதற்கும் ‘இல்லை’ என்றே பதில் வரும்.