நமக்கு வேண்டிய டிராக்டர் மாதிரியைக் கேட்டு எழுதுவது எப்படி?

தேவிபட்டினத்தில் என் அலமாரி முழுக்க 1:32 அளவு, அதாவது நிஜ வண்டியில் 32இல் ஒரு பங்கு அளவுள்ள, பொம்மை டிராக்டர்கள்தான். ஜெர்மனியின் சிக்கு (Siku), இங்கிலாந்தில் தொடங்கிய பிரிட்டன்ஸ் (Britains) என்ற பொம்மை நிறுவனங்கள் இரண்டும் அந்த அளவில் செய்கின்றன. ஆனால் திருவாடானை வயல்களில் மானாவாரி நெல்லுக்குப் புழுதி உழும் ஒன்பது கொழுக் கலப்பை அந்த அளவில் என்னிடம் இல்லை. அந்தக் குறை எனக்குப் பெரிய குறை.

தயாரிப்பாளருக்கு எழுதும்போது "இந்திய டிராக்டர் வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். வண்டியின் மாடல் பெயரோடு அளவையும் கொடுங்கள். டேப்பை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள். பின்சக்கர டயரில் 13.6-28 என்று இருந்தால், 28 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அது 711 மில்லிமீட்டர். 32ஆல் வகுத்தால் 22. இரு அச்சுகளுக்கு இடையிலான நீளத்தையும் இப்படியே கணக்கிடுங்கள். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என நேராக நின்று படம் எடுங்கள். பின்பக்கம் முக்கியம்: கலப்பை மாட்டும் மூன்று கைகளும் அங்கேதான் இருக்கின்றன.

பொம்மையை வார்க்கும் அச்சைச் செய்யத்தான் பெருஞ்செலவு. எனவே முழுப் புது வண்டியைவிட, இருக்கும் வண்டியில் மாட்டக்கூடிய கலப்பையை முதலில் கேளுங்கள். கிடைக்க வாய்ப்பு அதிகம். செயின் வைத்த நெல் அறுவடை வண்டி அடுத்த கடிதத்துக்கு.

இன்னொன்று, கடற்கரைக்காரர்கள் கட்டாயம் எழுதுங்கள்: சக்கர அச்சு துருப்பிடிக்காத எஃகில் வேண்டும். உப்புக்காற்றில் என் பழைய வண்டி ஒன்றின் அச்சு செம்பழுப்பாகி, சக்கரம் சுற்றாமல் இறுகிவிட்டது.