பட்டாணி, பீன்ஸ், தக்காளி: வரத்து இருக்கும்போதே சேமியுங்கள்

வீட்டில் எல்லோரும் விரும்பும் காய்தான் திடீரென்று சந்தையில் காணாமல் போகும். வரத்து பெருகி விலை இறங்கிய நாட்களிலேயே கொஞ்சம் கூடுதலாக வாங்கி உறைய வைத்துவிடுங்கள்.

பட்டாணியை உரித்து அப்படியே ஃப்ரீசரில் போடுவது பலருக்கும் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். காயிலுள்ள நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும். நிறம் மங்கும், சுவை கெடும். தளதளவென்று கொதிக்கும் நீரில் பட்டாணியை ஒன்றரை நிமிடமும் பீன்ஸை 3 நிமிடமும் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டுங்கள். ஆறியதும் வடித்து, துணியில் பரப்பி ஈரத்தை நன்றாக ஒற்றியெடுங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது; ஈரம் தங்கினால் காயின் மேல் பனி படிந்துவிடும். தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, உறைந்த பிறகு பையில் நிரப்பினால் கட்டி தட்டாது. ஒரு கைப்பிடி வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி மட்டும் உதிர்ந்து வரும். மைனஸ் 18 டிகிரியில் 8 மாதங்கள் தாராளமாக இருக்கும். பையின் மேல் தேதி எழுதிவிடுங்கள். சமைக்கும்போது உருகவிடாமல் நேராகக் கொதியில் சேருங்கள்.

தக்காளிக்கு இத்தனை பாடு இல்லை. கழுவித் துடைத்து முழுதாகவே உறைய வைக்கலாம். வெளியே எடுத்துக் குழாய் நீரில் காட்டினால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். சதை குழைந்திருக்கும் என்பதால் சமையலுக்கு மட்டுமே ஆகும், பச்சையாகச் சாப்பிட நன்றாக இருக்காது.

வெள்ளரிக்காயை மட்டும் விட்டுவிடுங்கள். நீர்ச்சத்து மிகுந்த காய் அது. உருகியதும் தொளதொளத்துப் போகும்.