இங்கிலாந்தில் தனியார் வீட்டு வாடகைக்கு அரசு உதவி: முதல் முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

"நான் வேலை செய்கிறேனே, எனக்கு எப்படி பெனிபிட் தருவார்கள்?" இந்தக் கேள்வியோடு நின்றுவிட்டு, மாதக் கடைசியில் வாடகைக்குக் கைமாற்று வாங்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கடையிலோ, பெட்ரோல் நிலையத்திலோ, முதியோர் இல்லத்திலோ வேலை செய்துகொண்டே வாடகை உதவி பெறலாம். வருமானம் குறைவாகவும் வாடகை கூடுதலாகவும் இருந்தால் போதும், விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

முதலில் விசாவைப் பாருங்கள்

மற்ற எதற்கும் முன்னால் இது. உங்கள் விசாவில் "அரசு நிதியுதவி பெற முடியாது" என்ற நிபந்தனை இருந்தால் விண்ணப்பிக்காதீர்கள். மாணவர் விசா, வேலை விசா, வாழ்க்கைத்துணை விசா ஆகியவற்றில் பொதுவாக இது இருக்கும். மீறினால் பின்னால் வதிவிட உரிமை கேட்கும்போது சிக்கல் வரும். அகதி அந்தஸ்து பெற்றவர்கள், நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்கள், குடியுரிமை பெற்றவர்கள் பொதுவாக விண்ணப்பிக்கலாம்.

கணவர் குடியுரிமை பெற்றவர், மனைவி வாழ்க்கைத்துணை விசாவில் வந்தவர் என்றால் கணவர் கேட்கலாம். தனியாளுக்கான தொகைதான் அவருக்குக் கணக்கிடப்படும். ஆனால் மனைவியின் சம்பளமும் சேமிப்பும் கணக்கில் சேரும். இந்த நிலையில் இருப்பவர்கள் குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் முதலில் பேசிவிடுவது நல்லது.

எந்த உதவி?

அரசு ஓய்வூதிய வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் யுனிவர்சல் கிரெடிட் என்ற மாத உதவித்தொகை கேட்க வேண்டும். வாடகைக்கான பங்கு அதற்குள்ளேயே அடக்கம். அந்த வயதைத் தாண்டியவர்கள் கவுன்சிலிடம், அதாவது உள்ளூராட்சி மன்றத்திடம், ஹவுசிங் பெனிபிட் என்ற வாடகை உதவி கேட்க வேண்டும். இனி நான் சொல்வது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றி.

சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் யுனிவர்சல் கிரெடிட் கிடைக்காது. 6,000க்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு குறையும். ஊரில் வங்கியில் கிடக்கும் காசும், யாழ்ப்பாணத்தில் உங்கள் பெயரில் இருக்கும் காணியும் இதில் சேரும். மறைக்காமல் எழுதுங்கள். பிறகு தெரியவந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். உடுத்தும் நகை பொதுவாகக் கணக்கில் வராது.

உங்கள் பகுதிக்கான உச்சவரம்பு

இதைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். நீங்கள் கொடுக்கும் வாடகை முழுவதையும் அரசு தராது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் படுக்கையறை எண்ணிக்கைப்படி ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதற்குப் பெயர் லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ். 2024 ஏப்ரலில், அந்தப் பகுதி வாடகைகளில் மலிவான முப்பது சதவீதத்தை ஈடுகட்டும்படி அதை உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டு உயர்த்தவில்லை, வாடகை மட்டும் ஏறியது.

எத்தனை அறை என்பதை வீடு தீர்மானிக்காது, குடும்பம்தான் தீர்மானிக்கும். தம்பதிக்கு ஓர் அறை. 16 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. 16க்குக் கீழ் ஒரே பாலினப் பிள்ளைகள் இருவர் ஓர் அறையைப் பகிர வேண்டும். 10 வயதுக்குக் கீழ் என்றால் ஆணும் பெண்ணும் கூடப் பகிர வேண்டும். ஆக, 8 வயது மகளும் 6 வயது மகனும் உள்ள குடும்பத்துக்கு இரண்டு அறைக்கான வரம்புதான். மகளுக்கு 10 வயது ஆனதும் அது மூன்று அறையாகும். பிறந்தநாள் கழிந்த கையோடு வரம்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

35 வயதுக்குக் கீழ் தனியாக இருப்பவருக்கு, தனி பிளாட் எடுத்தாலும், பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கான தொகைதான். மாற்றுத்திறனாளிகள் சிலருக்கும், கவுன்சில் பராமரிப்பில் வளர்ந்த இளையோருக்கும் விலக்கு உண்டு.

உங்கள் அஞ்சல் குறியீட்டை அரசின் லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் பக்கத்தில் போட்டால் தொகை வந்துவிடும். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் இதைச் செய்யுங்கள். வரம்பு 1,300, வாடகை 1,600 என்று வைத்துக்கொள்வோம். மீதி 300 ஒவ்வொரு மாதமும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். குடிவந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்களின் நிலைமை கஷ்டம்.

காகிதம், காகிதம், காகிதம்

நம் பழக்கத்தில் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு அதிகம். தெரிந்த அண்ணாவின் வீடு, மாதா மாதம் கையில் காசு, ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை. இப்படி இருந்தால் வாடகை கொடுப்பதை நிரூபிக்க முடியாது. இன்றே எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள், வாடகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

ஒரே வீட்டில் உங்களோடு வாழும் பெற்றோர், உடன்பிறந்தவர், மாமனார், மாமியார் போன்ற நெருங்கிய உறவினருக்குக் கொடுக்கும் வாடகைக்கு உதவி கிடையாது. உறவினரின் வேறொரு வீட்டில் குடியிருந்தால் கிடைக்கலாம். ஆனால் அது உண்மையான வாடகை ஏற்பாடு என்று காட்ட வேண்டும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒப்பந்தம், வாடகை போன வங்கி அறிக்கை, அடையாள ஆவணம் அல்லது இ-விசா, தேசியக் காப்பீட்டு எண், வங்கி விவரம், குழந்தைகள் காப்பகச் செலவு இருந்தால் அதற்கான ரசீது.

விண்ணப்பம்

அரசின் கவ்.யூகே தளத்தில் கணக்கு தொடங்கி, செய்ய வேண்டியவை என்று வரும் பட்டியலை ஒவ்வொன்றாக முடியுங்கள். துணையோடு வாழ்ந்தால் இருவரும் தனித்தனிக் கணக்கு தொடங்கி இணைக்க வேண்டும். வாடகை வாரக்கணக்கு என்றால் 52ஆல் பெருக்கி 12ஆல் வகுங்கள். வாரம் 300 பவுண்டு மாதம் 1,300 ஆகும். வாடகையோடு சேர்த்துக் கேட்கும் தண்ணீர், மின்சாரம், எரிவாயுக் காசைச் சேர்க்கக் கூடாது.

21 வயதைத் தாண்டிய மகனோ மகளோ உங்களோடு இருந்தால் அவர்கள் பங்கென்று மாதம் 90 பவுண்டுக்கு மேல் கழிப்பார்கள். சில விலக்குகள் உண்டு. இதைக் கேட்டு அதிர்ச்சியடையாத பெற்றோர் இல்லை, அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்.

ஆங்கிலம் கஷ்டம் என்றால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் ஹெல்ப் டு கிளெய்ம் சேவை முதல் தொகை வரும்வரை இலவசமாகத் துணை நிற்கும். ஒன்று மட்டும்: தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்பத்தை அனுப்பிய நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும். பின்தேதியிடுவது சில காரணங்களுக்கு மட்டும், அதுவும் அதிகபட்சம் ஒரு மாதம்.

ஐந்து வாரம்

முதல் தொகை வர ஐந்து வாரம் ஆகும். இடையில் முன்பணம் கேட்கலாம், அது கடன்தான்; வரும் மாதங்களில் கழித்துக்கொள்வார்கள். வாடகைப் பணமும் உங்கள் கணக்குக்குத்தான் வரும், வீட்டுக்காரருக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். வாடகை பாக்கி விழுந்துவிட்டால் நேரடியாக வீட்டுக்காரருக்கு அனுப்பும்படி கேட்கலாம்.

உங்களுக்கு வேலை விலக்குத் தொகை (சம்பளத்தில் கணக்கில் எடுக்காமல் விடும் பகுதி) இருந்தால் அதைத் தாண்டிய சம்பளத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறையும். பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் உடல்நலக் குறைவால் வேலை மட்டுப்பட்டவர்களுக்கும்தான் அந்த விலக்கு. மற்றவர்களுக்கு முதல் பவுண்டிலிருந்தே குறையும்.

தொகை போதவில்லை என்றால் கவுன்சிலிடம் கூடுதல் வாடகை உதவி கேளுங்கள். கவுன்சில் டாக்ஸ் என்ற வீட்டு வரிக்கான சலுகைக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அது தானாக வராது. முடிவு தவறு என்று தோன்றினால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதன் பிறகும் மறுத்தால் தீர்ப்பாயம் இருக்கிறது.

"பெனிபிட் வாங்குபவர்களுக்கு வீடு இல்லை" என்று யாராவது சொன்னால் தலை குனிந்து வந்துவிடாதீர்கள். 2020 ஜூலையில் யார்க் நீதிமன்றம் அப்படிப்பட்ட கண்மூடித்தனமான மறுப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டமும் அதைத் தடை செய்கிறது. அந்தப் பதிலை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.