கண் வறட்சிக்கு வெந்நீர் ஒத்தடம்: வீட்டில் முறையாகச் செய்வது எப்படி?

மணல் விழுந்தது போன்ற உறுத்தல், மாலையில் கூடும் எரிச்சல், காரணமின்றி நீர் வடிதல் ஆகியவை கண் வறட்சியின் அறிகுறிகள். கண்ணில் நீர் வடியும்போது அதை வறட்சி என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. உறுத்தலைத் தணிக்கவே அந்த நீர் சுரக்கிறது. கண்ணீர் விரைவில் ஆவியாகாமல் காப்பது அதன்மேல் படரும் மெல்லிய எண்ணெய்ப் படலம். இமை விளிம்பிலுள்ள மெய்போமியன் சுரப்பிகளில் அந்த எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொண்டால், சொட்டு மருந்து மட்டும் விட்டுப் பயனில்லை. ஆகவே ஒத்தடத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, காண்டாக்ட் லென்ஸ் அணிபவராயின் அதைக் கழற்றிவிடுங்கள். சுத்தமான பருத்தித் துணியைச் சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெந்நீரில், அதாவது மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டால் இதமாக இருக்கும் நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகள்மீது வையுங்கள். ஈரத்துணி இரண்டு நிமிடங்களுக்குள் ஆறிவிடும். ஆறிய துணி எண்ணெயை இளக்காது என்பதால், மீண்டும் மீண்டும் நனைத்து 5 முதல் 10 நிமிடம் வரை சூட்டைக் காக்க வேண்டும். பெரும்பாலானோரின் ஒத்தடம் பலனளிக்காமல் போவது இந்த இடத்தில்தான்.

இமை சூடாக இருக்கும்போதே, விரல் நுனியால் மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும், இமைமுடி முளைக்கும் விளிம்பை நோக்கி மென்மையாக நீவுங்கள். கண்விழியை அழுத்தக் கூடாது. அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்களும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். பிறகு, கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் விளிம்பைத் துடைத்துவிடுங்கள். இளகிய எண்ணெயால் பார்வை சற்று நேரம் மங்கலாம். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

அதன்பின் கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் போன்ற செயற்கைக் கண்ணீர் விடலாம். கீழிமையை இழுத்து, குப்பியின் முனை கண்ணில் படாமல் ஒரு சொட்டு விட்டால் போதும். ஒரு நாளில் நான்கு முறைக்குமேல் தேவைப்பட்டால், பென்சால்கோனியம் குளோரைடு முதலிய பதப்படுத்தும் பொருள் சேராத வகையைக் கேட்டு வாங்குங்கள்; அப்பொருளே விழியின் மேற்பரப்பைப் புண்படுத்தக்கூடும்.

கடும் வலி, பார்வைக் குறைவு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம் ஆகியவை இருந்தால் வீட்டுச் சிகிச்சையை நிறுத்திவிட்டு உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். வாய் வறட்சியும் மூட்டுவலியும் சேர்ந்திருந்தால் அதையும் தவறாமல் சொல்லுங்கள். அது, உடலின் நோய் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஜோக்ரன் நோயாக இருக்கலாம். மருந்துக்கடையில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்குவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்: சில நாளில் எரிச்சல் அடங்கினாலும், தொடர்ந்து விட்டால் கண் அழுத்தத்தையும் கண்புரையையும் உண்டாக்கும்.